நூறு ரூபாய் அபராதமும் ஓர் உயிரும்: தப்பியோடும் வாகனங்களைக் காவல்துறை துரத்தலாமா?

காவல்துறை கைகாட்டியும் நில்லாமல் ஓடும் வாகனத்தை அதிவேகத்தில் துரத்திச் செல்லலாமா, கூடாதா என்பது முதல் பார்வைக்குப் போக்குவரத்துப் பிரிவின் நிர்வாகப் பிரச்சனையாகத் தோன்றும். விலைவாசியும் வேலையின்மையும் மக்களை வாட்டும் காலத்தில் இதற்கு நேரம் செலவிட வேண்டுமா என்றுகூடச் சிலர் கேட்கலாம். ஆனால் அரசு தன் குடிமக்கள் மீது எப்போது, யார் மீது, எந்த அளவுக்குப் பலத்தைப் பிரயோகிக்கலாம் என்பதே இக்கேள்வியின் உட்பொருள். அந்த வகையில் இது உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வோடு நேரடியாகப் பிணைந்த அரசியல் கேள்வியாகும்.

இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலாவது, தமிழ்நாட்டு மக்கள் எவரும் மறந்திருக்க முடியாதது. 2018 மார்ச் 7, உலக மகளிர் தினத்திற்கு முந்தைய நாள் இரவு. தஞ்சாவூரிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், துவாக்குடி அருகே தலைக்கவசச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளம் தம்பதியர் நில்லாமல் சென்றனர் என்பதற்காகப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் அவர்களைத் துரத்தினார். திருவெறும்பூர் பகுதியில், பெல் தொழிற்சாலைக்கு அருகே, ஓடும் வண்டியை அவர் காலால் உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. வண்டி கவிழ்ந்தது, பின்னால் அமர்ந்திருந்த பெண் உயிரிழந்தார், கணவர் காயமடைந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் சாலையில் திரண்டு நியாயம் கேட்டனர். அவர்கள் மீது தடியடி நடத்தப்பட்டது. ஆய்வாளர் கைது செய்யப்பட்டார் என்பதோடு, நியாயம் கேட்டவர்களும் கைது செய்யப்பட்டனர். அன்றைய சட்டப்படி தலைக்கவசம் அணியாததற்கு முதல் முறை விதிக்கப்பட்ட அபராதம் நூறு ரூபாய்!

இரண்டாவது, மகாராஷ்டிராவின் புனே நகரில் நடந்தது. 2024 மே 19 அதிகாலை, கல்யாணி நகர் பகுதியில் அதிவேகமாக வந்த போர்ஷே கார் ஒரு மோட்டார் சைக்கிளை மோதித் தள்ளியது. மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்காக வந்திருந்த இரண்டு இளம் பொறியாளர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், உயிரிழந்தனர். காரை ஓட்டியவர் 17 வயதுச் சிறுவன். கட்டுமானத் தொழில் நடத்தும் பெரும் செல்வந்தரின் மகன். ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் விலையுள்ள அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவு இல்லை. அந்தப் பதிவு மார்ச் மாதத்திலிருந்தே நிலுவையில் இருந்தது. அதற்குக் காரணம் 1,758 ரூபாய் கட்டணம் செலுத்தப்படாததே என்று மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவித்தது.

நூறு ரூபாய் அபராதத்திற்காகத் துவாக்குடியில் ஒரு மோட்டார் சைக்கிள் துரத்தப்பட்டது. 1,758 ரூபாய் கட்டாத கார், பதிவு எண் பலகை இல்லாமலே, உரிமம் பெறும் வயதை எட்டாத ஒருவர் கையில் புனே வீதிகளில் பறந்தது; அதை எந்தச் சோதனைச் சாவடியும் நிறுத்தவில்லை. யாரைத் துரத்துவது, யாரைக் கண்டும் காணாமல் விடுவது என்பதைச் சாலை விதிகள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எதிர்வாதத்தின் நியாயம்

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. துரத்தலை ஆதரிப்போரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இறந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மோதிவிட்டு நில்லாமல் ஓடிய வாகனங்களால் மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள்; அதிகாலையில் வேலைக்குச் சென்றவர்கள், இரவில் வீடு திரும்பியவர்கள், சாலையோரம் நடந்தவர்கள். மோதிவிட்டு ஓடியவரைப் பிடிக்க வேண்டும் என்பது அவர்களின் குடும்பங்களின் நியாயமான கோரிக்கை.

அதே புனே நகரில், போர்ஷே விபத்து நடந்து இரண்டு மாதம் முடிவதற்குள், 2024 ஜூலையில், போபோடி பகுதியில் இரவு ரோந்திலிருந்த இரண்டு காவலர்கள் மீது ஒரு கார் மோதிவிட்டு நில்லாமல் சென்றது. தலைமைக் காவலர் ஒருவர் உயிரிழந்தார், மற்றொருவர் காயமடைந்தார். சீருடை அணிந்த தொழிலாளியும் சாலையில் பாதுகாப்பாக இல்லை.

ஆகவே, ‘ஓடுகிறவர்களை ஓட விட்டுவிடலாம்’ என்பது இடதுசாரிகளின் நிலைபாடாக இருக்க முடியாது. எந்தச் சூழலில் துரத்துவது உயிர்களைக் காக்கும், எந்தச் சூழலில் அதுவே உயிர்களைப் பறிக்கும் என்பதை வரையறுப்பதே தேவை. அந்த வரையறைக்கும் புனேயிலிருந்தே பாடம் கிடைக்கிறது.

2012: துரத்தியே ஆக வேண்டியிருந்த பேருந்து

2012 ஜனவரி 25 காலை, புனேயின் ஸ்வார்கேட் பணிமனையிலிருந்து மகாராஷ்டிரா மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் ஒருவர், தமக்கு ஒதுக்கப்படாத ஒரு பேருந்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். நெரிசல் மிகுந்த வீதிகளில், எதிர்த்திசையிலும், வெறிகொண்டு ஓட்டினார். ஒன்பது பேர் உயிரிழந்தனர்; முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்; பல வாகனங்கள் நொறுங்கின. காவலர்களும் பொதுமக்களும் பின்தொடர்ந்தனர். துப்பாக்கிச் சூடும் நடத்தப்பட்டது. இறுதியில் மோட்டார் சைக்கிளில் துரத்திச் சென்ற ஒரு மாணவர் பேருந்துக்குள் ஏறி அதை நிறுத்த உதவினார்.

அந்தப் பேருந்தைத் துரத்தாமல் விட்டிருக்க முடியுமா? முடியாது. அது ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும் மேலும் உயிர்கள் பறிபோகும் நிலை. துரத்தல் ஆபத்தானதுதான், ஆனால் துரத்தாமலிருப்பது அதைவிட ஆபத்தானது. இதுதான் அளவுகோல். வாகனத்தை அப்போதே நிறுத்தாவிட்டால் உயிர்ச்சேதம் நிச்சயம் அல்லது மிகவும் சாத்தியம் என்ற நிலையில் மட்டுமே துரத்தல் நியாயமாகும்.

அந்த வழக்கின் மறுபக்கத்தையும் தொழிலாளி வர்க்க இயக்கம் கவனிக்க வேண்டும். அந்த ஓட்டுநர் தம் பணி நேரத்தை மாற்றித் தரும்படி கேட்டு மறுக்கப்பட்டது வழக்கில் பதிவானது. அவருக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஒன்பது குடும்பங்களின் இழப்பை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. ஆனால் பேருந்து வீதிக்கு வந்த பிறகு அதை எப்படி நிறுத்துவது என்று யோசிக்கும் அரசு, பணிமனைக்குள் ஓட்டுநரின் உடல்நிலை, மனநிலை, ஓய்வு நேரம் பற்றி அதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டாமா? தமிழ்நாட்டின் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிவரும் பணிச்சுமைப் பிரச்சனையும் சாலைப் பாதுகாப்புப் பிரச்சனையே.

ஏன் ஓடுகிறார்கள்?

‘தவறு செய்யாதவன் ஏன் ஓட வேண்டும்?’ என்பது தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். ஓடுகிறவர்களில் கொள்ளையரும் கடத்தல்காரரும் உண்டு. ஆனால் சாலையில் அன்றாடம் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு மனிதர்கள். 2019 திருத்தச் சட்டத்தின்படி தலைக்கவசம் அணியாததற்கான அபராதம் ஆயிரம் ரூபாய். மூன்று மாதம் உரிமம் பறிபோகவும் வழியுண்டு. கட்டுமானத் தொழிலாளி ஒருவருக்கு இது ஒரு நாள் கூலியையே விழுங்கும் தொகை. உணவும் மளிகையும் பத்து நிமிடத்தில் கொண்டுசேர்க்க விரட்டப்படும் விநியோகத் தொழிலாளிக்கோ உரிமம் போனால் வேலையே போயிற்று. செல்வந்தருக்கு அதே ஆயிரம் ரூபாய் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. சட்டத்தின் பார்வையில் அபராதம் சமம். வாழ்க்கையில் அது சமமல்ல. இதோடு, சோதனைச் சாவடிகளில் ரசீது இல்லாமல் பறிக்கப்படும் பணமும், மரியாதையற்ற ஏச்சும், அடியும் சேரும்போது, கைகாட்டும் சீருடையைக் கண்டதும் அச்சம் பிறக்கிறது. அச்சத்தில் ஒருவர் வண்டியின் வேகத்தைக் கூட்டுவது குற்ற மனப்பான்மைக்கு ஆதாரமாகாது.

லாரி ஓட்டுநர்களின் அனுபவம் இன்னும் கூர்மையானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்துவிட்டு, காவல்துறைக்குத் தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மகாராஷ்டிராவில் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்தாண்டுச் சிறை என்பதே ஓட்டுநர்கள் எழுப்பிய கேள்வி. ஒன்றிய அரசு பின்வாங்கியது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. உழைப்பாளிகளின் ஒன்றுபட்ட போராட்டத்தின் பலன் அது. ஓட்டம் என்பதற்குப் பின்னால் சமூகக் காரணங்கள் இருக்கின்றன என்பதை அந்த வேலைநிறுத்தம் நாட்டுக்கு உணர்த்தியது.

துரத்தலின் இயக்கம்

துரத்தல் எப்படி உயிர்களைப் பறிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டரைக் கடக்கிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில் அது 33 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கத் தேவையான தூரமும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். காவல் வாகனம் நெருங்க நெருங்க முன்னால் செல்பவர் இன்னும் வேகமெடுப்பார். அவர் வேகமெடுக்க, காவல் வாகனமும் வேகமெடுக்கும். இருவருமே பின்பார்வைக் கண்ணாடியையும் முன்னால் ஓடும் வண்டியையும் பார்ப்பார்களே தவிர, சாலையைக் கடக்கும் மூதாட்டியைப் பார்க்க மாட்டார்கள்.

இந்தியச் சாலை எதுவும் பந்தயத் திடலல்ல. கைவண்டியும் மாட்டுவண்டியும், பள்ளிக் குழந்தைகளும் தள்ளுவண்டிக் கடைகளும், பகிர்ந்துகொள்ளும் வெளி அது. புனேயின் ஸ்வார்கேட்டானாலும் திருவெறும்பூர் ரவுண்டானாவானாலும் அங்கே நடக்கும் அதிவேகத் துரத்தலில் பங்கெடுக்க ஒப்புக்கொள்ளாத நூறு பேர் இருக்கிறார்கள். விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. துவாக்குடியில் உயிரிழந்தவரும் வண்டியை ஓட்டியவரல்ல, பின்னிருக்கையில் இருந்தவர்.

சட்டம் வேறு வழியைத் தந்திருக்கிறது

அபராத வழக்குகளுக்குத் துரத்தல் தேவையே இல்லை என்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே காட்டுகிறது. அதன் 133ஆவது பிரிவின்படி, தம் வாகனத்தை ஓட்டியவர் மீது குற்றச்சாட்டு இருந்தால், ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் உரிமத்தையும் பற்றிய தகவல்களைக் காவல்துறை கேட்கும்போது தர வேண்டியது உரிமையாளரின் கடமை. 2019இல் சேர்க்கப்பட்ட 136அ பிரிவு, மின்னணுக் கண்காணிப்பின் மூலம் விதிமீறல்களைப் பதிவுசெய்ய வகை செய்கிறது. வண்டி எண் தெரிந்தால் மறுநாள் காலை வீட்டுக் கதவைத் தட்டலாம். நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ மறுநாளும் வசூலாகும்; போன உயிர் மறுநாள் திரும்பாது.

கைது செய்வதற்குப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சட்டமே அதற்கு எல்லையும் வகுத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையைக் காவல்துறைக்கு அளிக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆவது பிரிவிலும் அந்த எல்லை தொடர்கிறது. தலைக்கவசம் அணியாதவரின் வண்டியை ஓட்டத்திலேயே கவிழ்ப்பது இந்த எல்லையை அப்பட்டமாக மீறுவதாகும்.

‘எண் பலகையே இல்லாத வாகனமானால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்குப் போர்ஷே வழக்கே பதில் சொல்கிறது. எண் பலகையில்லாத விலையுயர்ந்த கார் விற்பனையாளரிடமிருந்து வெளியே வந்தது எப்படி? அது வாரக்கணக்கில் நகரில் ஓடியது எப்படி? வயதுக்கு வராதவர்களுக்கு மதுக்கூடங்களில் மது கிடைத்தது எப்படி? பிரச்சனை வேகமாகத் துரத்துவதில் இல்லை. நின்ற இடத்தில் நடவடிக்கை எடுக்காததில் இருக்கிறது. விபத்துக்குப் பின் நடந்ததும் நாடறிந்ததே. விபத்து நடந்த இடத்தில் மக்களே அந்தச் சிறுவனைப் பிடித்துக் கொடுத்தனர். ஆனால் சிறார் நீதி வாரியம் சில மணி நேரத்தில் ஜாமீன் அளித்தது. விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. மக்களின் கொதிப்புக்குப் பிறகே அந்த உத்தரவு மாற்றப்பட்டது. மேலதிகாரிகளுக்கு உரிய நேரத்தில் தகவல் தராததற்காக எரவாடா காவல் நிலைய அதிகாரிகள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ரத்த மாதிரியை மாற்றியதாகச் சாசூன் அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் கைது செய்யப்பட்டனர். குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் பிடிபட்டு நின்றவரையே சட்டத்தின் கையிலிருந்து நழுவவிட இவ்வளவு கைகள் நீளும் சமூகத்தில், ஓடும் ஏழையைத் துரத்துவதைச் சட்டத்தின் வீரம் என்று போற்ற முடியாது.

உலக அனுபவம்

துரத்தலை நாயகத்தனமாக்கிய நாடு அமெரிக்கா. அங்கே தொலைக்காட்சி நிறுவனங்கள் ஹெலிகாப்டரில் பறந்து அதை நேரலையாகக் காட்டுகின்றன. சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழின் புலனாய்வு, 2017 முதல் 2022 வரை அந்நாட்டில் குறைந்தது 3,336 பேர் காவல்துறைத் துரத்தல்களில் உயிரிழந்ததைக் கண்டறிந்தது. அவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் எவ்விதத் தொடர்பும் இல்லாத வழிப்போக்கர்கள். மரணத்தில் முடிந்த துரத்தல்களில் மிகப் பெரும்பாலானவை போக்குவரத்து விதிமீறல் போன்ற, வன்முறையற்ற காரணங்களுக்காகத் தொடங்கியவை. இறந்தோரில் கறுப்பின மக்களின் விகிதம் அவர்களின் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். இங்கே சாதியும் வர்க்கமும் செய்வதை அங்கே நிறவெறியும் வர்க்கமும் செய்கின்றன.

ஜார்ஜியா மாநிலத்தில் 55 மைல் வேக எல்லையுள்ள சாலையில் 73 மைல் வேகத்தில் சென்ற 19 வயது இளைஞரைக் காவல்துறை துரத்தி, பின்னாலிருந்து இடித்துச் சாலையை விட்டுத் தள்ளியது. அவர் கைகால் செயலிழந்தார். 2007இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் காவல் அதிகாரியின் பக்கமே நின்றது. எனினும் அந்நாட்டுக் காவல்துறைத் தலைமையதிகாரிகளின் ஆய்வு மன்றமே 2023இல், வன்முறைக் குற்றமும் உடனடி ஆபத்தும் இருந்தால் மட்டுமே துரத்த வேண்டும் என்று பரிந்துரைக்கும் நிலைக்கு வந்தது.

நியூசிலாந்தின் அனுபவம் வேறொரு எச்சரிக்கையைத் தருகிறது. அங்கே 2020 டிசம்பரில் துரத்தல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் பிறகு நில்லாமல் ஓடும் சம்பவங்கள் பெருகின. 2023இல் விதி ஓரளவு தளர்த்தப்பட்டது. இதிலிருந்து துரத்தலே சரி என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. துரத்துவதை நிறுத்தினால் மட்டும் போதாது. ஓடியவர் மறுநாள் நிச்சயம் கண்டுபிடிக்கப்படுவார் என்ற உறுதியும் வேண்டும் என்பதே அதன் பாடம். வேகத்துக்குப் பதில் புலனாய்வு. அதற்கு ஆட்களும் கருவிகளும் ஒதுக்கப்பட வேண்டும்.

சீருடைக்குள் இருக்கும் தொழிலாளி

துரத்தலின் விலையைக் காவலர்களும் கொடுக்கிறார்கள். 2021 நவம்பரில் திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இரவு ரோந்தின்போது இருசக்கர வாகனத்தில் ஆடு திருடிச் சென்றவர்களைத் துரத்தினார். புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டியில் அவர்களைத் தனியாளாக மடக்கியபோது வெட்டிக் கொல்லப்பட்டார். கைதான மூவரில் இருவர் சிறார்கள். தமிழ்நாடு அரசு அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் தேவையே. ஆனால் நள்ளிரவில் ஓர் அதிகாரி மாவட்ட எல்லை தாண்டித் தனியாகத் துரத்தும் நிலை ஏன் வந்தது? துரத்தலைத் தொடரவா நிறுத்தவா என்று சொல்லும் மேலதிகாரியின் பொறுப்பு வரையறுக்கப்படாமை அவரைத் தனிமைப்படுத்தியது.

பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் சாலையில் நிற்கும் காவலருக்குச் சங்கம் வைக்கும் உரிமை 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. துரத்தல் வெற்றி பெற்றால் பாராட்டு மேலே போகும். உயிர் போனால் வழக்கு கீழே உள்ளவர் மீது விழும். துவாக்குடி ஆய்வாளரின் செயல் மன்னிக்கத்தக்கதல்ல. ஆனால் அவரைத் தண்டிப்பதோடு கடமை முடிந்ததாக அரசு கைகழுவுவதும் ஏற்கத்தக்கதல்ல. எழுத்துப்பூர்வமான விதி இருந்தால் அது சாலையில் செல்லும் குடிமகனைக் காக்கும், ‘ஏன் விட்டாய்?’ என்ற மேலதிகாரியின் ஏச்சிலிருந்து காவலரையும் காக்கும்.

துரத்தல் தனியார் கைக்குப் போகும்போது

அரசே சட்ட எல்லை மீறித் துரத்தும் பழக்கத்தைச் சகித்துக்கொண்டால், அந்தப் பழக்கம் சீருடையோடு நிற்பதில்லை. 2024 ஆகஸ்டில் ஹரியானாவின் பரிதாபாத்தில், பசுப் பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொண்ட கும்பல் ஒன்று, மாடு கடத்துவோர் என்று கருதி ஒரு காரை நெடுஞ்சாலையில் பல கிலோமீட்டர் துரத்திச் சுட்டது. காரிலிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் உயிரிழந்தார். அவருக்கும் மாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு இருந்திருந்தாலும் அந்தக் கும்பலுக்குத் துரத்தவோ சுடவோ உரிமை கிடையாது. வாகனச் சோதனை என்னும் அரசின் அதிகாரத்தை மதவெறிக் கும்பல்கள் கையிலெடுப்பதும், சில மாநிலங்களில் ஆளும் பாஜகவின் அரசுகள் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சிறுபான்மை மக்களுக்கும் தலித்துகளுக்கும் மட்டுமல்ல, சாலையில் பயணிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து என்பதைப் பரிதாபாத் உணர்த்துகிறது. காவல்துறையின் துரத்தலுக்கே கடுமையான எல்லை வேண்டும் என்று கோரும் இயக்கம், தனியார் துரத்தலை முற்றாக ஒழிக்கக் கோருவது இயல்பே.

கோரிக்கைகள்

இவற்றிலிருந்து தெளிவான கோரிக்கைகள் எழுகின்றன.

முதலாவதாக, துரத்தல் குறித்த விதிகளை ஒவ்வொரு மாநில அரசும் எழுத்தில் வகுத்து, மக்கள் படிக்கும்படி அந்தந்த மாநில மொழியில் வெளியிட வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே துரத்தல். தலைக்கவசம், உரிமம், ஆவணம் போன்ற அபராத வழக்குகளில் எக்காரணம் கொண்டும் துரத்தல் கூடாது. ஓடும் இருசக்கர வாகனத்தை உதைப்பது, லத்தியை வீசுவது, சாவியைப் பறிப்பது ஆகியவை வெளிப்படையாகத் தடை செய்யப்பட வேண்டும்.

இரண்டாவதாக, துரத்தலைத் தொடங்கியவுடன் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருக்கும் பொறுப்பதிகாரியே அதைத் தொடரவோ நிறுத்தவோ உத்தரவிட வேண்டும்; விளைவுக்கும் அவரே பொறுப்பேற்க வேண்டும்.

மூன்றாவதாக, துரத்தலில் மரணமோ படுகாயமோ ஏற்பட்டால், அதே மாவட்டக் காவல்துறை விசாரிக்கக் கூடாது. காவல்துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்க மாநில, மாவட்ட அளவில் தனி ஆணையங்கள் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006லேயே உத்தரவிட்டது. அவை உண்மையான சுதந்திரத்தோடு இயங்க வேண்டும். பாதிக்கப்பட்ட வழிப்போக்கருக்கு, வழக்கின் முடிவுக்குக் காத்திராமல், அரசே இழப்பீடு தர வேண்டும். மோதிவிட்டு ஓடிய அடையாளம் தெரியாத வாகனத்தால் மரணம் நேர்ந்தால் 2022 முதல் இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அரசின் சொந்த வாகனம் துரத்தும்போது நேரும் மரணத்துக்கு அதைவிடக் குறைவான பொறுப்பை ஏற்க முடியுமா?

நான்காவதாக, காவலர்களுக்கு எட்டு மணி நேரப் பணி, வார ஓய்வு, ரோந்தில் குறைந்தது இருவர், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை வழங்கப்பட வேண்டும். போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கும் விநியோகத் தொழிலாளர்களுக்கும் வேகத்தைத் திணிக்கும் பணி நிபந்தனைகள் ஒழிக்கப்பட வேண்டும்.

தோழர்களே, இவை தாமாக வந்துவிடாது. துவாக்குடியில் அன்றிரவு சாலைக்கு வந்த மக்கள் இல்லாவிட்டால் அந்த மரணம் மற்றுமொரு ‘சாலை விபத்து’ என்று கோப்பில் மூடப்பட்டிருக்கும். புனேயில் மக்கள் கொதித்தெழாவிட்டால் 300 சொல் கட்டுரையோடு வழக்கு முடிந்திருக்கும். ஆனால் தன்னெழுச்சியான கோபம் சில நாட்களில் தணிந்துவிடும். அதை நிலையான கோரிக்கையாக மாற்றுவது அமைப்பின் வேலை. கிளைகள் தத்தம் பகுதியில் எந்தெந்தச் சாவடியில் துரத்தலும் வசூலும் நடக்கின்றன என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். வாகன ஓட்டுநர் சங்கங்களோடும் வாலிபர் அமைப்புகளோடும் சேர்ந்து மாவட்டக் கண்காணிப்பாளரிடம் எழுத்துப்பூர்வமான விதியைக் கோர வேண்டும். அந்த விதி வரும் வரை அக்கோரிக்கையை விடக் கூடாது.